சாந்தாகுரூஸ் முனையத்தை எப்போது இடிப்பது?

புது தில்லி: மும்பை விமான நிலையத்தின் பழைய உள்நாட்டு முனையத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக அந்த நிலையத்தை நடத்தும் அதானி குழுமம் 2025 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் இடிப்புப் பணி தொடங்கும். 2028-29-ல் புதிய முனையம் தயாராகும் என்று அப்போது கூறப்பட்டது. அந்த நவம்பர் வந்தது, போனது. கடப்பாரை விழவில்லை. பயணிகளுக்கு மாற்று இடமாகச் சொல்லப்பட்ட நவி மும்பை விமான நிலையமே 2025 டிசம்பர் 25-ம் தேதிதான் பயணிகள் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. இடிப்பு தள்ளிவைக்கப்பட்டது.

இந்தத் தாமதம் நல்லதற்கே என்பது நமது கருத்து. பழைய முனையம் அப்படியே இருக்கட்டும் என்பது இதற்குப் பொருளல்ல. அது போக வேண்டிய கட்டடம்தான். இதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. எந்த நாளில் போக வேண்டும், அந்த நாளை யார் குறிக்க வேண்டும், அதுவரையிலும் அதற்குப் பின்னும் செலவை யார் சுமப்பது என்பவைதான் கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்ல வேண்டிய இடம் மும்பை அல்ல, தில்லி.

விக்ரோலியிலிருந்து பார்த்தால்: தில்லியில் ராஜீவ் காந்தி பவனில் அமர்ந்து விமான நிலையக் கோப்புகளைப் புரட்டுபவர்களுக்கு விக்ரோலி என்ற பெயர் புல்லட் ரயில் நிலத் தகராறு தொடர்பாக மட்டுமே நினைவுக்கு வரக்கூடும். மும்பைத் தமிழர்களுக்கு அப்படியல்ல. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்ற வரிசையில் டாகூர் நகரும் கண்ணம்வார் நகரும் பார்க்சைட்டும் சேர்ந்தவையே. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களைப் பூர்வீகமாகக் கொண்டவை ஏராளம். நாகர்கோவில் ரயிலில் ஏறினால் ஊர் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகிறது. ஊரில் துக்கம் என்று நள்ளிரவில் தொலைபேசி அடித்தால் அந்த ஒன்றரை நாள் மிக நீளமானது. மதுரைக்கோ சென்னைக்கோ முதல் விமானத்தைப் பிடித்து, அங்கிருந்து பேருந்தில் போவதற்குக் கடன் வாங்கியாவது பயணச்சீட்டு எடுப்பார்கள். விமானப் பயணம் ஆடம்பரம் என்ற பழைய எண்ணம் தில்லியில் இன்னும் சிலரிடம் இருக்கிறது. விக்ரோலியில் அது எப்போதோ போய்விட்டது.

விக்ரோலியிலிருந்து சாந்தாகுரூஸ் முனையம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோவில் போய்விடலாம். பகல் வேளையில் இன்னும் எளிது: மின்சார ரயிலில் அடுத்த நிலையமான காட்கோபர், அங்கிருந்து 2014-ல் வந்த முதல் மெட்ரோவில் மரோல் நாகா, அங்கே மாறி 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட மூன்றாம் மெட்ரோவில் முனைய வாசலுக்கே சுரங்க நிலையம். நவி மும்பை விமான நிலையம் அமைந்துள்ள உல்வேயோ ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஐரோலி பாலம் ஏறி, தாணே - பேலாபூர் சாலையில் இறங்கிப் போக வேண்டும். 2024 அக்டோபரில் மும்பை நுழைவாயில்களில் இலகுரக வாகனங்களுக்குச் சுங்கக் கட்டணம் நீக்கப்பட்டது ஓர் ஆறுதல். ரயிலில் போவதானால் குர்லாவில் மாறி ஹார்பர் பாதை. பிறகு மீண்டும் மாறி, 2024 ஜனவரியில் உரண் வரை நீட்டிக்கப்பட்ட பாதை. பெட்டியும் குழந்தையுமாக இரண்டு முறை ரயில் மாறுவது எப்படியிருக்கும் என்பதை மும்பையில் ஒரு நாள் மாலை ஏழு மணிக்குக் குர்லா நிலையத்தில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

செம்பூர்வாசிக்கு இது அவ்வளவு பெரிய சிரமமில்லை; வாஷி பாலம் அருகில்தான் இருக்கிறது. போரிவலியிலோ விராரிலோ இருப்பவருக்கு அரை நாள் பயணம். விக்ரோலி இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பிரச்னையை நிதானமாக எடை போட அது பொருத்தமான இடம்.

ஒட்டுப்போட்ட கட்டடம்: சாந்தாகுரூஸ் முனையம் ஒரே காலத்தில் ஒரே திட்டத்தில் எழுந்தது அல்ல. 1950-களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த பழைய முனையம் ஒரு பகுதி. 1979-ல் சாந்தாகுரூஸில் ஏற்பட்ட பெரும் தீவிபத்துக்குப் பிறகு அவசர ஏற்பாடுகள் செய்ய வேண்டியதாயிற்று. 1981-ல் சஹாரில் சர்வதேச முனையம் வந்ததும் சாந்தாகுரூஸ் உள்நாட்டுப் பயணத்துக்கு என்றானது. 1992-ல் இந்தியன் ஏர்லைன்ஸின் தேவைக்காக 1-ஏ பகுதி எழுந்தது. பொதுத்துறை விமானங்களும் தனியார் விமானங்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் நின்று ஒன்றையொன்று முறைத்த காலம் அது. 2010-ல் ஏறுபாலங்களுடன் 1-சி பகுதி சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு பத்தாண்டும் தன் தேவைக்கு ஒரு சுவரை இடித்து ஒரு கூடத்தைச் சேர்த்திருக்கிறது.

குறைந்த கட்டண விமான நிறுவனங்கள் வளர்ந்தது இந்தக் கூடங்களில்தான். ஆண்டுக்கு 1.5 கோடிப் பயணிகள் என்பது இந்த முனையத்தின் கொள்ளளவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கொள்ளளவு என்பது ஆண்டுச் சராசரி. விடியற்காலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்பவருக்கு ஆண்டுச் சராசரியால் பயன் ஒன்றுமில்லை. பல விமானங்கள் ஒரே நேரத்தில் புறப்படும்போது இங்கே நெரிசல் தவிர்க்க முடியாததாகிறது. பயணிகள் ஒருபுறம் இருக்க, மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினர் வேலை செய்ய வேண்டியதும் அதே குறுகிய இடத்தில்தான்.

ஆகவே மாற்றிக் கட்ட வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. புதிய முனையம் ஆண்டுக்கு 2 கோடிப் பயணிகளைக் கையாளும் என்று திட்டம் கூறுகிறது.

புதியது பாதுகாப்பானது என்ற நம்பிக்கை: கட்டடம் பழையது, எனவே ஆபத்தானது என்ற வாதம் எளிதில் எடுபடக்கூடியது. ஆனால் நமது அண்மைக்கால அனுபவம் அதை முழுவதும் ஆதரிக்கவில்லை. 2024 ஜூன் 28-ம் தேதி அதிகாலை, தில்லி விமான நிலையத்தின் முதல் முனையத்தில் கூரையின் ஒரு பகுதி சரிந்து விழுந்து வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடு, விழுந்த பகுதி 2009-ல் திறக்கப்பட்டது என்று விளக்கினார். பதினைந்தே ஆண்டுகள்! சென்னையில் 2013-ல் திறக்கப்பட்ட முனையங்களில் கண்ணாடிப் பலகைகள் எத்தனை முறை உதிர்ந்தன என்பதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ஒரு கட்டத்தில் கிரிக்கெட் ஓட்டம் போல எண்ணத் தொடங்கின. அவை பழைய கட்டடங்கள் அல்ல.

கட்டடத்தின் வயதைவிட அதன் நிலையே முக்கியம். எந்தத் தூண், எந்தக் கூரை, எந்த மின்கம்பி வழி எவ்வளவு காலம் தாங்கும் என்ற தொழில்நுட்ப மதிப்பீடு பயணிகள் படிக்கும் வகையில் பொதுவில் வைக்கப்பட வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 2025 நவம்பரைத் தாண்டி ஒரு நாளும் அங்கே பயணிகளை அனுமதித்திருக்கக் கூடாது. ஆபத்து இல்லை என்றால், இடிப்பு வசதியைக் கருதிய முடிவு. வசதி என்றால் யாருடைய வசதி என்று கேட்பதில் தவறில்லை.

முட்டுக்கட்டை கூடத்தில் இல்லை, ஓடுபாதையில்: மும்பை விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் உண்டு. ஆனால் அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு செல்பவை. எனவே ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். அந்த ஒற்றை ஓடுபாதையைக் கொண்டே 2018 டிசம்பரில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களைக் கையாண்டு சாதனை படைத்தார்கள். சாதனைதான், ஆனால் அந்த வேகத்தில் ஒரு விமானம் சற்றுத் தாமதித்தாலும் பின்னால் வரும் வரிசை முழுவதும் வானில் வட்டமிட வேண்டியதாகிறது. இதனால் 2024 பிப்ரவரியில் மத்திய அரசே தலையிட்டு, நெரிசல் மிகுந்த நேரங்களில் மணிக்கு 46 ஆக இருந்த விமான இயக்கங்களை 44 ஆகவும், மற்ற நேரங்களில் 44-ஐ 42 ஆகவும் குறைக்க உத்தரவிட்டது.

சாந்தாகுரூஸில் பளிங்குக் கூடம் ஒன்று எழுந்தாலும் இந்த எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடாது. முனையம் 2 கோடிப் பேருக்குக் கட்டப்பட்டால், கூடுதல் 50 லட்சம் பேர் இன்னும் பெரிய விமானங்களில் வந்தாக வேண்டும். அது நடக்கலாம், நடந்தும் வருகிறது. ஆனால் நெரிசலுக்கு முழுத் தீர்வு புதிய முனையம் என்று சொல்பவர்கள் ஓடுபாதையை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். 2024-25-ம் நிதியாண்டில் மும்பை விமான நிலையம் சுமார் 5.5 கோடிப் பயணிகளைக் கையாண்டது. இரண்டு முனையங்களின் மொத்தக் கொள்ளளவும் ஏறத்தாழ அதுதான்: சஹாரில் 4 கோடி, சாந்தாகுரூஸில் 1.5 கோடி. பாத்திரம் விளிம்பு வரை நிறைந்துவிட்டது.

2021 அக்டோபர்: முதல் முனையத்தை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. ஒரு முறை மூடிப் பார்த்திருக்கிறோம். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரலில், எல்லா விமானங்களும் சஹாரில் உள்ள இரண்டாம் முனையத்துக்கு மாற்றப்பட்டன. பயணிகள் குறைவாக இருந்தவரை சிக்கல் இல்லை. அக்டோபர் மாதம் நவராத்திரிக் கூட்டம் திரும்பியது. 8-ம் தேதி அதிகாலை சஹார் முனையத்தில் ஏற்பட்ட நெரிசலில் பலர் விமானத்தைத் தவறவிட்டனர். அந்தப் படங்கள் நாடெங்கும் பரவின. 20-ம் தேதி திறப்பதாக இருந்த சாந்தாகுரூஸ் முனையம் அவசர அவசரமாக 13-ம் தேதியே திறக்கப்பட்டது.

அப்போது பயணிகள் எண்ணிக்கை கொரோனாவுக்கு முந்தைய அளவைக்கூட எட்டியிருக்கவில்லை என்பது கவனத்துக்குரியது. இன்று எட்டி, தாண்டியும் விட்டது. மறுபுறம், 2021-ல் இல்லாத நவி மும்பை விமான நிலையம் இன்று இருக்கிறது. அதன் முதல் கட்டக் கொள்ளளவு ஆண்டுக்கு 2 கோடி. காகிதத்தில் கணக்கு சரியாக வருகிறது: சாந்தாகுரூஸின் 1.5 கோடியை அங்கே கொண்டுபோனாலும் 50 லட்சம் மிச்சம்.

ஆனால் காகிதத்தை விட்டு வெளியே வந்தால், புது விமான நிலையம் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் மட்டுமே இயங்கியது. முதல் கட்டத்தில் பயன்பாட்டுக்கு வந்தது ஒரே ஓடுபாதை. மேலும், சாந்தாகுரூஸ் கூட்டம் மொத்தமும் அங்கே போனால் புது விமான நிலையம் பிறந்த கையோடு முக்கால்வாசி நிறைந்துவிடும். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் மும்பைப் பகுதியில் கூடப்போகும் பயணிகளுக்கு மிஞ்சும் இடம் அந்த 50 லட்சம்தான். நெரிசலைப் போக்கக் கட்டிய விமான நிலையம், பழைய நெரிசலையே ஐரோலி பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைத்ததாக முடியும். நவி மும்பையின் அடுத்த கட்ட முனையம் எழும் முன் சாந்தாகுரூஸில் கைவைப்பது சரியல்ல என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

தில்லியை உதாரணம் காட்டுவோர் உண்டு. அங்கே 1986-ல் கட்டப்பட்ட இரண்டாம் முனையத்தை 2025 ஏப்ரலில் மூடி, புதுப்பித்து, அக்டோபரில் திறந்துவிட்டார்கள். உண்மை. ஆனால் தில்லியில் மூன்று முனையங்களும் நான்கு ஓடுபாதைகளும் இருக்கின்றன. ஒன்றை மூடினால் மற்றவை தோள் கொடுக்கும். சஹாருக்கு அப்படிப்பட்ட தோழன் நகருக்குள் இல்லை.

இரு பைகள், ஒரே கை: இனி வருவது அரசியல்.

மும்பை விமான நிலையம் 2006-ல் ஜிவிகே தலைமையிலான கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 74 சதவீதப் பங்கு தனியாருக்கு, 26 சதவீதம் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்கு. வருவாயில் 38.7 சதவீதத்தை ஆணையத்துக்குத் தருவதாக ஒப்பந்தம். நவி மும்பைக்கான ஏலத்தையும் 2017-ல் ஜிவிகே குழுமமே வென்றது. அங்கே 26 சதவீதப் பங்கு மாநில அரசின் சிட்கோ நிறுவனத்துக்கு. வருவாய்ப் பங்கோ 12.6 சதவீதம்தான். 2021 ஜூலையில் மும்பை விமான நிலையம் அதானி குழுமத்தின் கைக்கு வந்தபோது நவி மும்பையும் உடன் வந்தது.

இப்போது ஒரு பயணி சாந்தாகுரூஸிலிருந்து நவி மும்பைக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாந்தாகுரூஸில் அவரால் கிடைத்த வருவாயில் நூற்றுக்கு 38 ரூபாய் 70 காசு மத்திய அரசின் ஆணையத்துக்குப் போனது. நவி மும்பையில் நூற்றுக்கு 12 ரூபாய் 60 காசு சிட்கோவுக்குப் போகும். ஆணையத்துக்கு ஒன்றுமில்லை. நடத்துபவர் இரு இடத்திலும் ஒருவரே. முனையத்தை மூடும் நாளைக் குறிக்கும் உரிமை அவரிடம் மட்டும் இருந்தால், அந்த நாள் பயணிகளின் வசதியை மட்டும் கருதிக் குறிக்கப்படும் என்று எதிர்பார்ப்பது அவரைப் புண்படுத்துவதல்ல. ஆனால் வியாபாரத்தை அறியாமல் பேசுவது. எந்தக் குழுமம் அந்த நாற்காலியில் இருந்தாலும் இதே கேள்வி எழும். ஜிவிகே இருந்திருந்தாலும் எழுந்திருக்கும்.

ஆணையத்தின் வருவாய் குறைந்தால் விக்ரோலித் தமிழருக்கு என்ன? நிறைய இருக்கிறது. ஆணையம் நடத்தும் சிறு விமான நிலையங்கள் பல தம் சொந்தக் காலில் நிற்பவை அல்ல. பெரிய நிலையங்களிலிருந்து வரும் பங்கே அவற்றைத் தாங்குகிறது. 2025 ஜூலை 26-ல் பிரதமர் மோடி திறந்துவைத்த தூத்துக்குடி விமான நிலையப் புதிய முனையம், சுமார் 450 கோடி ரூபாயில் ஆணையம் கட்டியது. கண்ணம்வார் நகரிலிருந்து ஊருக்குப் போகும் தூத்துக்குடிக்காரர் புறப்படும் முனையமும் அவர் ஊரில் எழுந்த முனையமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. இதை நாடாளுமன்றத்தில் எழுப்பத் தமிழக உறுப்பினர்களுக்குக் காரணம் இருக்கிறது.

மத்திய அரசின் நிலை இதில் விசித்திரமானது. 26 சதவீதப் பங்குதாரர் என்ற முறையில் அது நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அமர்ந்திருக்கிறது. ஆணையத்தின் உடைமையாளர் என்ற முறையில் வருவாய்ப் பங்கைப் பெறுகிறது. அமைச்சகம் என்ற முறையில் கொள்கை வகுக்கிறது. இத்தனை தொப்பிகளை அணிந்திருந்தும், இடிப்புத் தேதி பற்றிய செய்தியை நாடு கேட்டது நிறுவன அதிகாரிகள் வாயிலாகத்தான்.

கட்டணம்: கட்டி முடித்த பின் செலவு யார் தலையில்? விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் 2008-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை அது கட்டணங்களை நிர்ணயிக்கிறது. நிறுவனம் செய்யும் நியாயமான முதலீடு சொத்துக் கணக்கில் சேரும்; அதன் மீது வருவாய் கணக்கிடப்படும்; கடைசியில் அது பயணச்சீட்டில் 'பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம்' என்ற பெயரில் வந்து நிற்கும். மும்பைக்கு 2025 மே மாதம் முதல் உள்நாட்டுப் பயணி புறப்படும்போது ரூ.175, வந்திறங்கும்போது ரூ.75 என்று விதிக்கப்பட்டது. நான்கு பேர் கொண்ட குடும்பம் மும்பையிலிருந்து ஊருக்குப் போய்த் திரும்பினால் மும்பை முனையத்துக்கு மட்டும் ஆயிரம் ரூபாய்.

இரண்டாம் முனையத்தைக் கட்டியபோது நடந்ததை மறந்துவிடக் கூடாது. 2014 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த அந்த அழகான முனையம் உள்பட மொத்தத் திட்டச் செலவு முதலில் ரூ.9,802 கோடி என்று சொல்லப்பட்டு, பின்னர் ரூ.12 ஆயிரம் கோடியைத் தாண்டியது. கட்டி முடிக்கும் முன்பே, 2009-லேயே, புறப்படும் உள்நாட்டுப் பயணியிடம் ரூ.100, வெளிநாட்டுப் பயணியிடம் ரூ.600 என மேம்பாட்டுக் கட்டணம் வசூலிக்க அமைச்சகம் அனுமதித்தது. ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்காமல் இப்படி வசூலிப்பது செல்லாது என்று 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் ஆணையத்தின் வழியாகவே கட்டணம் மீண்டும் வந்தது என்பது வேறு கதை.

கட்டணப் பூசல் இன்னும் ஓயவில்லை. தனியாரிடம் ஒப்படைக்கப்பட்ட காலத்துச் சொத்து மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்ற பழைய வழக்கில், 2025 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தில்லி, மும்பை நிறுவனங்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அது உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அந்த உத்தரவு அப்படியே அமலானால் மும்பையில் ரூ.175 என்பது ரூ.3,856 ஆகக்கூடும் என்று அப்போது பத்திரிகைகள் கணக்கிட்டன. இந்தச் சூழலில் புதிய முனையச் செலவும் ஏறினால் 'கடன் வாங்கியாவது' ஊருக்குப் போகிறவர் என்ன செய்வார்?

இன்னொரு கணக்கும் உண்டு. 2006 ஒப்பந்தத்தின் காலம் 30 ஆண்டுகள். மேலும் 30 ஆண்டுகள் நீட்டிக்க அதில் வழி இருக்கிறது. புதிய முனையம் 2030-க்குச் சற்று முன்போ பின்போ வந்தால் முதல் தவணையில் மிஞ்சுவது ஆறேழு ஆண்டுகளே. அவ்வளவு குறுகிய காலத்துக்கு யாரும் பல்லாயிரம் கோடி போடமாட்டார்கள். முனையம் எழும்போது நீட்டிப்பும் சேர்ந்தே எழுந்துவிட்டதாகக் கொள்ளலாம். அப்படியானால் நீட்டிப்புக்கு ஈடாகப் பயணிகளுக்கு என்ன கிடைக்கும் என்பதை இப்போதே பேசுவதுதான் முறை.

மண்ணும் மனிதர்களும்: மும்பை விமான நிலையத்தைச் சுற்றியுள்ள குடிசைப் பகுதிகளைக் குறிப்பிடாமல் இதை முடிக்க முடியாது. அமெரிக்கப் பத்திரிகையாளர் கேத்தரின் பூ 2012-ல் வெளியிட்ட நூலின் களமான அன்னவாடி, சஹார் அருகே உள்ள குடியிருப்பு. 1991-ல் ஓடுபாதையைச் செப்பனிடத் தமிழ்நாட்டிலிருந்து லாரிகளில் அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள் வேலை முடிந்த பின்னும் அங்கேயே தங்கியதால் உருவானது அது. ஓடுபாதையைச் செப்பனிட்டவர்களே பிறகு ஓடுபாதைக்கு இடையூறு என்று கணக்கெழுதப்பட்டார்கள்.

விமான நிலைய நிலத்தில் வாழும் ஏறத்தாழ 80 ஆயிரம் குடும்பங்களுக்கு மாற்று வீடு தரும் பணி 2007-ல் எச்டிஐஎல் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. குர்லாவில் கட்டடங்கள் எழுந்தன. தகுதியுடையோர் யார் என்ற சர்ச்சை முடியும் முன்பே 2013-ல் ஒப்பந்தம் ரத்தானது. வீடுகள் ஒருபுறம் பூட்டிக் கிடக்க, மக்கள் மறுபுறம் சுவரோரம் கிடந்தனர். முதல் முனையத்தை மாற்றிக் கட்டும் திட்டம் தற்போதைய முனைய இடத்துக்குள்ளேயே அடங்கினால் இவர்களைத் தொட வேண்டியதில்லை. அடங்கும் என்றால் அதை எழுத்தில் தரலாமே.

சென்னைக்கு இதில் பாடம் உண்டா என்று கேட்கலாம். பரந்தூர் விமான நிலையத்துக்கு இடத் தேர்வு அறிவிக்கப்பட்ட 2022 ஆகஸ்டிலிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடி வருகிறார்கள். மீனம்பாக்கம் நிரம்பிவிட்டது என்பதே அங்கும் வாதம். ஆனால் பெங்களூரிலும் ஹைதராபாதிலும் 2008-ல் புது விமான நிலையம் வந்தபோது பழையது பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது; ஒப்பந்தமே அப்படி. மும்பையில் இரண்டும் ஒரே குழுமத்திடம் இயங்கும் என்பது வேறு வகை. இவ்விரண்டில் சென்னை எந்த வகை என்பது முடிவாகும் முன் மும்பை அனுபவத்தைக் கூர்ந்து பார்ப்பது தமிழ்நாடு அரசுக்கு நல்லது. அதற்கு மேல் ஒப்புமையை நீட்டினால் பொருந்தாது.

செய்ய வேண்டியது: இடிப்புக்கு முன் நிறைவேற வேண்டியவை எவை என்பதை மத்திய அரசு ஆணையாகவே வெளியிட வேண்டும். நவி மும்பையின் அடுத்த முனையம் இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும். இரு விமான நிலையங்களையும் இணைப்பதாகத் திட்டமிடப்பட்டுள்ள எட்டாம் மெட்ரோ வரும் வரை காத்திருக்கச் சொன்னால் அது பேராசை. ஆனால் கிழக்குப் புறநகர்களிலிருந்து இரவும் விடியலும் ஓடும் பேருந்தாவது இருக்க வேண்டும். விடியற்காலை விமானத்துக்கு எந்த மெட்ரோவும் உதவுவதில்லை. முனையம் மூடப்பட்டிருக்கும் ஆண்டுகளில் விமான நிலையங்கள் ஆணையம் இழக்கும் பங்கை ஈடுகட்டுவது பற்றியும் அந்த ஆணை பேச வேண்டும்.

முழு முனையத்தையும் ஒரே நாளில் பூட்டாமல், ஒட்டுப்போட்டு வளர்ந்த கட்டடத்தை அதே போலப் பகுதி பகுதியாகக் கழற்ற முடியுமா என்பதையும் பொறியாளர்கள் சொல்லட்டும். செலவு கூடும், காலமும் நீளும். பல ஆண்டுகள் தூசியிலும் சத்தத்திலும் பயணிகள் நடக்க வேண்டியிருக்கும். நாம் இதைப் பரிந்துரைக்கவில்லை. பரிசீலித்துக் கைவிட்டதற்கான காரணம் வெளியில் தெரிய வேண்டும் என்கிறோம்.

மும்பையின் தற்போதைய கட்டணக் காலம் 2029 மார்ச் 31-ல் முடிகிறது. குறித்த காலத்தில் முடிக்காத பணிகளுக்காகக் கட்டணக் கணக்கில் ஒரு சதவீதத்தைக் கழிக்கும் வழக்கம் ஒழுங்குமுறை ஆணையத்தின் பல உத்தரவுகளில் உண்டு. முனையப் பணி தள்ளிப்போன கணக்கு அடுத்த காலத்தில் பயணிகளுக்குத் திரும்ப வேண்டுமென்றால் அதைக் கேட்க யாராவது இருக்க வேண்டும். அடுத்த கட்டண நிர்ணயத்துக்கு முன் ஆணையம் ஆலோசனை அறிக்கை வெளியிடும். விமான நிறுவனங்களும் விமான நிலைய நிறுவனமும் வழக்கறிஞர்களுடன் கருத்துச் சொல்லும். பயணிகளும் எழுதலாம். டாகூர் நகரிலோ செம்பூரிலோ மாட்டுங்காவிலோ உள்ள எந்தத் தமிழ்ச் சங்கமும் ஒரு பக்கக் கடிதம் அனுப்ப விதிகளில் தடையில்லை.